இலை கருகியது யார் கண்ணால்

இப்போதெல்லாம் ஒரு செடிக்கு உடம்பு சரியில்லை என்றால் மனுஷர்கள் செய்கிற முதல் காரியம் ஃபோனை எடுத்துப் படம் பிடிப்பது. இலையைத் தொடுவதில்லை. திருப்பி அடிப்பக்கம் பார்ப்பதில்லை. மண்ணில் விரலை விடுவதே இல்லை, நகம் அழுக்காகிவிடுமாம். ஃபோனுக்குள்ளே இருக்கும் ஏதோ ஒன்று அந்தப் படத்தைப் பார்த்துப் பத்து வியாதி சொல்கிறது. இவர்கள் பத்துக்கும் மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். செடி செத்த பிறகு என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் என்ன செய்ய, குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றவா?

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்தவர் வீட்டில் நல்லதாக எதைப் பார்த்தாலும் கண் பட்டுவிடாமல் இருக்க முதலில் மாஷா அல்லாஹ் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மற்ற பேச்சு. இப்போது யார் சொல்கிறார்கள்? மனதில் பட்டதை அப்படியே வாயில் விடுகிறார்கள். இந்தத் தொல்லை முழுக்க அதனால் வந்ததுதான். அல்லது அதனால் வரவில்லை. எனக்கு அது இன்னும் சரியாக விளங்கவில்லை.

ஷுப்ரா பேட்டையில் எங்கள் கட்டடத்தில் நான் மூன்றாம் மாடி. பெயர் ஷவ்கி. ஹாஜி என்று கூப்பிடுவார்கள். மக்காவுக்குப் போனதில்லை, தலை நரைத்தவனை எல்லாம் இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். படிப்பு கிடையாது. ஒரு அரசாங்க அலுவலகத்தில் ப்யூனாக இருந்து ஓய்வு பெற்றவன். டீ கொண்டுபோவேன், ஃபைல் கொண்டுபோவேன், தாழ்வாரத்துத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அந்தத் தொட்டிகள் படாத பாடு கிடையாது. ஆபீசர்கள் குடித்த மிச்ச டீயைச் சர்க்கரையோடு கொட்டுவார்கள், சிகரெட்டை அணைப்பார்கள். இலையைப் பார்த்தே எந்த அறைக்காரன் எதைக் கொட்டினான் என்று சொல்லிவிடுவேன். அப்படி வந்ததுதான் இந்த இலை பார்க்கிற கை.

எங்கள் கட்டடத்தின் கீழே ஃபிக்ரியின் இஸ்திரிக் கடை. காலையில் அங்கே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். தெருவில் யார் வீட்டுச் செடிக்கு எது வந்தாலும் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். இலை பிசுபிசுவென்று இருந்தால் அடியில் பூச்சி. ஒரு பக்கம் மட்டும் வெளுத்துச் சருகானால் ஜன்னல் வெயில். மருந்துக்கடைக்காரர் மனைவி ஒருநாள் அழாத குறையாக ஒரு இலை கொண்டுவந்தாள். நடுவில் நல்ல பச்சை, ஓரம் மட்டும் டீத்தூள் நிறத்தில் தீய்ந்திருந்தது. உரம் எவ்வளவு போட்டாய் என்றேன். அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறாள். உரமும் ஒரு வகை உப்புதான் பெண்ணே, வேர் எரிகிறது, ஓரம் கருகுகிறது, மண்ணை மாற்று என்று சொல்லி அனுப்பினேன். பிழைத்துக்கொண்டது. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்கு இது தெரிய வேண்டும்.

என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மணிப்ளான்ட். சுவரோரமாக ஆணி அடித்துக் கூடம் முழுக்கச் சுற்றவிட்டிருந்தேன். சுற்றி முடித்து, பால்கனிக் கதவு வழியாக வெளியே போய், கம்பி தாண்டி இரண்டாம் மாடிப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

இரண்டாம் மாடியில் ரவ்ஹியா. புருஷன் போய்ப் பல வருஷமாகிறது, பிள்ளை இல்லை. தங்கை பெற்றுவிட்டுப் போன நஜ்லா என்ற பெண்ணை வளர்த்து, நாலாம் மாடி ஹாஜியம்மா இன்ஸாஃபின் மகனுக்கே கட்டிக்கொடுத்தாள். இரண்டு மாடி ஏறினால் வளர்த்த பெண்ணைப் பார்க்கலாம், அதற்காகத்தான் அந்தச் சம்பந்தம். நல்ல பெண்பிள்ளைதான், நான் வேறு மாதிரி சொல்லவில்லை. ஆனால் ரவ்ஹியாவுக்குக் கண் நீலம். முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து. எங்கள் ஊரில் நீலக்கண்ணும் பல் சந்தும் சேர்ந்து ஒருவருக்கு அமைந்தால் பால்காரன்கூட ஏனத்தை மூடிக்கொண்டுதான் கதவைத் தட்டுவான்.

குளிர்காலம் முடிகிற சமயம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். என் பால்கனியிலிருந்து தண்ணீர் சொட்டி, காயப் போட்ட துணியெல்லாம் மண் கறையாகிறது என்று சொல்லத்தான் வந்தாள். சொல்லிவிட்டுத் திரும்பியவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"அடேயப்பா, என்னமா ஓடியிருக்கு ஹாஜி. இதுக்கு முன்னால எங்க வீட்டுல இருக்கறதெல்லாம் புல்லு."

அவ்வளவுதான். மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. அந்த வாரமே அடியில் ஒரு இலை பழுத்தது.

நான் ஃபிக்ரி கடைக்குப் போய்ச் சொன்னேன். நீலக்கண்ணி வந்துவிட்டுப் போனாள், இலை பழுத்தது என்று இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஃபிக்ரி சிரித்தான். "என் மூஞ்சியத் தெனமும்தான் பாக்கறாங்க. நான் வாடலியே ஹாஜி?" என்றான். உன்னிடம் வாடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்றேன். எல்லாரும் சிரித்தோம். இன்ஸாஃப் மட்டும் சிரிக்கவில்லை. துணி வாங்க வந்து நின்றிருந்தாள். அவள் மருமகள் நஜ்லா அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

வீட்டுக்கு வந்து செய்ய வேண்டியதைச் செய்தேன். காகிதத்தில் பொம்மை வெட்டி, ரவ்ஹியாவின் கண்ணுக்கு, அவள் கண்ணுக்கு என்று ஊசியால் குத்தி, சாம்பிராணியோடு எரித்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து ஒரு கை கல்லுப்பை எடுத்து ஓதி, தொட்டியில் தண்டைச் சுற்றிப் போட்டேன். கண்ணை அறுக்க உப்பை மிஞ்சி எதுவும் இல்லை. பிள்ளைக்குச் சுற்றுகிறோம், வாசலில் தெளிக்கிறோம், செடிக்கு ஏன் ஆகாது? அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜும்ஆவும் ஒரு கை. அப்படியும் இலை கருகிற்று. ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே உள்ளே வந்தது. ஒவ்வொரு இலை போனபோதும் கடையில் போய்ச் சொன்னேன். அவள் பார்வை அவ்வளவு கடுமை, உப்பே தாங்கவில்லை என்று சொன்னேன்.

என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாம் மாடி வாசலைத் தாண்டும்போது பெண்கள் கைக்குழந்தையின் முகத்தில் துணியை இழுத்துவிட்டார்கள். இன்ஸாஃப், மருமகளுக்குப் பிரசவம் ஆகிற வரைக்கும் மேலே வர வேண்டாம் என்று ரவ்ஹியாவிடம் நேராகவே சொல்லிவிட்டாளாம். ரவ்ஹியா கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டுதான் மாடிப்படியில் இறங்குவாள். கட்டடத்துக்குள்ளே, வெயிலே இல்லாத படியில், சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவாள். என்னைக் கண்டால் ஒதுங்கி நிற்பாள். குற்றமுள்ள நெஞ்சு என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்றால் போதாது, கடையில் அதையும் சொன்னேன்.

நஜ்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நாலாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் மாடி வாசலில் நிற்கவில்லை.

பிறந்த ஏழாம் நாள் குழந்தையைச் சல்லடையில் கிடத்தி ஆட்டி, உப்புத் தூவி விழா எடுப்பது எங்கள் வழக்கம். அந்த விழாவுக்கு முந்தின நாள் காலை. நான் பெஞ்சில் இருந்தேன். ஃபிக்ரி ஒரு சட்டையைப் பாதியில் விட்டுவிட்டு, செய்தித்தாளில் மடித்த ஒரு இலையை என் கையில் கொடுத்தான்.

"ஒருத்தர் குடுத்தாங்க ஹாஜி. என்ன நோவுன்னு பாத்துச் சொல்லுவீங்களாம்."

மணிப்ளான்ட் இலை. ஷுப்ராவில் பாதி வீடுகளில் அது இருக்கிறது. வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தேன். திருப்பினேன், நரம்பை விரலால் தடவினேன், முகர்ந்தேன். ஒரு பார்வைக்கே தெரிந்துவிட்டது.

"உப்பு," என்றேன். "பூச்சி இல்ல, வெயில் இல்ல. நடு நரம்பு உயிரோட பச்சையா இருக்கு, ஓரம் மட்டும் தீய்ஞ்சிருக்கு பாரு. வேர்ல உப்பு ஏறினா இப்படித்தான் ஆகும். எந்தக் கழுதை தொட்டியில உப்பக் கொட்டினான்?"

"கண்ணு கிண்ணு பட்டிருக்குமோ?"

"கண்ணாவது மண்ணாவது. கண்ணு பட்டா இப்படி அளவெடுத்து ஓரத்த மட்டும் கருக்குமா? அந்த ஆளக் கூப்பிடு, நாலு வார்த்தை கேக்கறேன். செடிய வளக்கறானா, ஊறுகா போடறானா?"

பெஞ்சில் இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். ஃபிக்ரி சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"ரவ்ஹியாக்கா குடுத்தாங்க. அவங்க துணிக்கொடியில விழுந்து கெடந்துதாம்." கையை மேலே காட்டினான். "மேலேருந்து."

இரண்டாம் மாடிக் கொடியில் மேலேயிருந்து விழுவதற்கு இந்தத் தெருவில் ஒரே ஒரு செடிதான் உண்டு. சிரித்த இருவரும் தெருவைப் பார்த்தார்கள். நான் அந்த இலையைச் செய்தித்தாளிலேயே மடித்து வைத்தேன். இது ஏதோ சூழ்ச்சி, யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வீட்டுக்கு ஏறி வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். மண்ணுக்கு மேலே வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஓதிய உப்பு காவல் நிற்கிறது என்று. விரலால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தேன். துப்பினேன். மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு வியாக்கியானம் சொன்னவன் நான். ஊரான் வீட்டு இலையைப் பார்த்தவுடன் உப்பு என்று சொல்லத் தெரிந்தவனுக்குத் தன் வீட்டு இலையில் ரவ்ஹியாவின் கண்தான் தெரிந்தது. கழுதை என்று பட்டம் கொடுத்ததும் என் வாய்தான், நாலு பேர் முன்னால்.

கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்காமல் முகம் கழுவாமலேயே நாலாம் மாடிக்குப் போனேன். வீட்டில் வேர்க்கடலையும் மிட்டாயும் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஸாஃப் எனக்கு, பிள்ளை பெற்ற வீட்டில் கொடுக்கிற நெய் மிதக்கும் முகாத் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை ஓரமாக நகர்த்தினேன். உப்பு போட்டது நான்தான், இலை கருகியது அதனால்தான், ரவ்ஹியாவின் மேல் ஒரு குற்றமும் இல்லை, நாளைக்கு அவளைக் கூப்பிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

இன்ஸாஃப் பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை.

"கண்ணுன்னு சொன்னது நீங்கதானே ஹாஜி?"

"நான்தான்."

"அப்பப் பொய் சொன்னீங்களா?"

"பொய் இல்லம்மா. தப்பாப் பாத்துட்டேன்."

"இப்ப மட்டும் சரியாப் பாத்தீங்கன்னு எப்படித் தெரியும்?"

"இலை சொல்லுது."

"இலை அன்னைக்கும்தான் சொல்லிச்சு."

நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். செடி போனால் வேறு செடி, பிள்ளைக்கு ஒன்று ஆனால் உங்கள் இலை வந்து பதில் சொல்லுமா என்றாள். அப்போது உள் அறையிலிருந்து நஜ்லாவின் குரல் வந்தது. பச்சை உடம்புக்காரி, மெதுவாகத்தான் பேசினாள். பெரியம்மா வரவில்லை என்றால் குழந்தையைச் சல்லடையில் படுக்க வைக்க மாட்டேன், விழாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாள். இன்ஸாஃப் கையிலிருந்த பொட்டலத்தைக் கட்டி முடித்தாள். வரட்டும், வாசல் பக்கம் உட்காரட்டும், நான் செய்கிறதை நான் செய்துகொள்கிறேன் என்றாள்.

இறங்கும்போது இரண்டாம் மாடியில் நின்றேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. என்ன வார்த்தை சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கையை இறக்கிக்கொண்டு கீழே போய், நாளைக்கு விழாவுக்கு வரச் சொல்லி ஃபிக்ரியிடம் சொல்லியனுப்பினேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் நான் சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ரவ்ஹியா கடைசியாக வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கையால் பின்னிய ஒரு குல்லாய் கொண்டுவந்திருந்தாள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் காதில் விழ உரலில் இடித்தார்கள். குழந்தையைச் சல்லடையில் ஆட்டித் தரையில் வைத்தார்கள், முறைப்படி நஜ்லா அதைத் தாண்டினாள். இன்ஸாஃப் எழுந்து குழந்தை முகத்தில் மெல்லிய துணியைப் போட்டு மூடிவிட்டு, உப்புத் தட்டை எடுத்தாள். எல்லார் தலைக்கு மேலும் கிள்ளிக் கிள்ளித் தூவினாள். அது வழக்கம். வாசலுக்கு வந்ததும் கை நிறைய அள்ளினாள். ரவ்ஹியாவின் முகத்தைப் பார்த்து வீசினாள். மறுபடியும் அள்ளி வீசினாள்.

கல்லுப்பு. கண்ணாடியில் பட்டுச் சத்தம் கேட்டது. முக்காட்டின் மடிப்பில் நின்றது, குல்லாயின் மேல் விழுந்தது. ரவ்ஹியா குல்லாயை மட்டும் எடுத்துத் தட்டினாள். இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்திவிட்டாள். சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள்.

நஜ்லா குழந்தையைத் தூக்கினாள். முகத்துணியை எடுத்துப் போட்டாள். மாமியாரைத் தாண்டி வாசலுக்கு வந்து, குழந்தையை ரவ்ஹியாவின் மடியில் வைத்து, அவள் கண்ணாடியையும் தானே கழற்றினாள்.

"நல்லாப் பாருங்க பெரியம்மா."

ரவ்ஹியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கையால் தடவினாள்: நெற்றி, மூக்கு, காது, விரல். குருடி தடவுவது போலத் தடவினாள். கண்ணைத் திறக்கவில்லை.

"வேணாம்மா," என்றாள். "எனக்கே பயமா இருக்கு."

குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

எனக்கு அந்த அறையில் இருக்க முடியவில்லை. வெளியே வந்தேன். படித்திருப்பத்தில் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் பழக்கத்தில் ஒதுங்கினாள். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்தேன். அவள்தான் பேசினாள். அந்த இலையை என்னை அவமானப்படுத்தக் கொடுத்துவிடவில்லையாம். யார் செடி என்று தெரியாமல் நான் பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுவேன், தனக்கும் தெரிந்துவிடும் என்றுதான் கொடுத்தாளாம்.

"எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாயிடுச்சு ஹாஜி. கண்ணாடி முன்னால நின்னு என் கண்ணையே பாத்துக்கிட்டிருப்பேன்."

"உப்புதாம்மா. நான் போட்ட உப்பு. உன் கண்ணு ஒண்ணும் செய்யல."

"மத்த இலையெல்லாம் உப்புன்னே வெச்சுக்குவோம். மொத இலை? நான் வந்துட்டுப் போனப்பறம் பழுத்துச்சே. அப்ப நீங்க உப்பே போடலியே."

அவள் குரலில் வம்பு இல்லை. பதில் தெரிந்தால்தான் உள்ளே போக முடியும் என்று நின்றாள். நான் பதில் வைத்திருந்தேன். அந்த இலை எனக்கு நினைவிருக்கிறது. அடி இலை, தொளதொளவென்று, முழுக்க ஒரே மஞ்சள். வேறு யார் கொண்டுவந்திருந்தாலும் கேட்டவுடன் சொல்லியிருப்பேன்.

"தண்ணி," என்றேன். "தண்ணி அதிகமானா அடி இலைதான் மொதல்ல பழுக்கும். நான் தெனமும் ஊத்தறேன். உன் துணியில சொட்டுதுன்னு நீயே சொல்ல வந்தியே, அந்தத் தண்ணிதான். நீ வர்றதுக்கு முன்னாலயே வேர் அழுக ஆரம்பிச்சிருக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

என்னையே பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் அந்தக் கண்ணை நான் பார்த்ததில்லை. ஓரமெல்லாம் சிவந்திருந்தது, இமையில் உப்பு ஒட்டியிருந்தது. பிறகு முகத்தை முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கையிலேயே மடக்கிப் பிடித்தபடி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்; குழந்தையை இப்போது பார்க்கிறாள் என்று தெரிந்தது.

நான் திரும்ப உள்ளே போகவில்லை. யார் முகத்தையும் பார்க்கிற நிலையில் இல்லை. படியில் இறங்கினேன். இறங்க இறங்க ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே வந்தது. தினமும் தண்ணீர் ஊற்றினேன், உண்மைதான். ஆனால் அந்தச் செடி வைத்த நாளிலிருந்து தினமும்தான் ஊற்றினேன். ஒரு இலை பழுத்ததில்லை. அவள் வந்துவிட்டுப் போன வாரத்தில்தானா வேருக்குத் தண்ணீர் மிஞ்சிப்போக வேண்டும்? என் வீட்டு வாசல் வந்தது. சாவியை எடுக்காமல் அதையும் தாண்டிக் கீழே நடந்தேன்.